கருப்பியின் குச்சு

பனியில் நனைந்த கோணிச்சாக்கின் வாடை மூக்கில் பட்டால், ஏற்காட்டு மலையடிவாரத்தில் கடலைக்காட்டை ஒட்டியிருந்த எங்கள் வீடும், துரைமார் காரில் மலையேறிய அந்தக் காலத்தில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்த ஒரு மார்கழியும் நினைவுக்கு வந்துவிடும்.

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கல்லடுக்கி, மேலே பனையோலை வேய்ந்து, எங்கள் நாய் கருப்பிக்கு அப்பா ஒரு "குச்சு" கட்டியிருந்தார். அது குட்டி போட்டிருந்ததால், பச்சைக் குட்டிகளுக்குக் குளிர் ஆகாதென்று அம்மா உள்ளே வைக்கோலும் கடலைத்தோலும் மெத்தென்று பரப்பி, வாசலில் சாக்கைத் தொங்கவிட்டாள். கையை நுழைத்தால் அடுப்படிபோலக் கதகதப்பாக இருக்கும். ஆனால் பொழுது சாயும்போது அம்மா கட்டுகிற சாக்கை விடிவதற்குள் கருப்பி கடித்து இழுத்துப் போட்டுவிட்டு, மலைப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். "கொழுப்பப் பாரு இதுக்கு" என்று திட்டிக்கொண்டே அம்மா மறுபடியும் கட்டுவாள்.

அந்த நாட்களில் ஊரில் நாய்ச்சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் செக்குக்காரர் வீட்டு நாய் காணாமல் போனது. பிறகு கிணற்றுமேட்டில் படுத்திருந்தவை. மலையிலிருந்து "அது" இறங்கிவிட்டது என்றார்கள். சிறுத்தை என்ற பெயரை இருட்டியபின் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கருப்பி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு சமையற்கட்டுக்குள் வந்து விறகு மூலையில் போட்டது. "ஊட்டுக்குள்ள நாயா!" என்று அம்மா குட்டியைத் தூக்கிப்போய்க் குச்சில் விட்டு வந்தாள். கருப்பி மறுபடியும் குட்டியோடு வந்தது. அம்மா விறகை ஓங்கியபோது அப்பா தடுத்தார்.

"உடு புள்ள. அது குளுருக்கு வல்ல."

"பின்ன எதுக்குங்க?"

அப்பா வெளியே போய்க் கொட்டகைப் படலை இறுக்கிக் கட்டிவிட்டு, மற்றக் குட்டிகளையும் துண்டில் ஏந்திக்கொண்டு வந்தார்.

குட்டிகள் அடுப்புச் சூட்டில் சுருண்டன. கருப்பி பால் கொடுத்து, ஒவ்வொன்றையும் நக்கிவிட்டு, எழுந்துபோய்க் கதவைப் பிறாண்டியது. "இங்கயே படுத்துக்க சாமி" என்று அம்மா அதைக் கெஞ்சினாள். வெளியே மாடுகள் கயிற்றை இழுத்துத் திமிறுவது கேட்டது. கருப்பி விடாமல் பிறாண்டவே, அம்மா தாழ்ப்பாளை நீக்கினாள்.

கொஞ்சநேரம் அதன் குரைப்பு கேட்டது. பிறகு சட்டென்று நின்றது. அப்பா அரிவாளை எடுத்தார். அம்மா கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, "உங்களப் போவ உட மாட்டேனுங்க" என்றாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். குச்சின் ஓலை பிய்ந்து, களம் முழுக்க வைக்கோல் இறைந்து கிடந்தது. மாடுகளின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கருப்பியை மட்டும் எங்கும் காணவில்லை.

ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து அம்மா குட்டிகளுக்குப் புகட்டினாள். "அதுவாத்தான் கேட்டுச்சு, நான் தொறந்து உட்டேன்" என்று யாரும் கேட்காமலே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தக் கடலைக்காடு முழுவதும் வீடுகள். மலையிலிருந்து எதுவும் இறங்கி வருவதில்லை. சிறுத்தையைப் பேரன்மார் படத்தில்தான் பார்க்கிறார்கள். எதிர்வீட்டில் இரும்புக் கூண்டில் ஒரு நாய் இருக்கிறது. மார்கழியில் அதற்குக் கம்பளிச்சட்டை போட்டுவிடுகிறார்கள். சில நாள் அது முனகும். குளிருக்கு முனகுகிறது என்று எல்லாரும் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் எழுந்து ஜன்னலருகே போய், அது எந்தப் பக்கம் பார்த்து முனகுகிறது என்று பார்க்கிறேன்.