பெல்ட்டில் போன விரல்கள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்த மிளகாய்த்தூள் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். மெஷின் பெல்ட்டின் மூடியைத் திருத்த வேலைக்காகக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. பெல்ட் நழுவுவதைக் கண்டு கையை நீட்டினேன். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கத்திக் குழறியது என்னோடு வேலை செய்த அக்காதான். தூள் பட்ட காயம் எரியும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எரியவில்லை.

முதலாளியை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் தன் வான் வண்டியில் என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். வாசலில் இறக்கும்போது காதோடு சொன்னார்: "தங்கச்சி, வீட்டிலை நடந்ததெண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். அண்ணை முந்திக்கொண்டார். "வீட்டிலை, கிரைண்டரிலை..."

"இல்லை. மில்லிலை, பெல்ட்டிலை," என்றேன்.

அது துணிச்சல் இல்லை. ஒரு பொய்யைக் கட்டிச் சொல்ல என்னிடம் தெம்பு இருக்கவில்லை. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

காயம் ஆறி, அந்த அக்கா வற்புறுத்தித்தான் நட்டஈடு கேட்டேன். தொழிலாளர் நட்டஈட்டு அலுவலகத்து விசாரணையில் அண்ணை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"ஓடுற பெல்ட்டிலை கை வைக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான். இது அவவின்ரை கவலையீனம்," என்றார்.

விசாரித்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "வேலை நேரத்திலைதானே நடந்தது?"

"ஓம்."

"உங்கடை வேலையைத்தானே செய்துகொண்டு நிண்டவ?"

"ஓம்," என்றார் அண்ணை.

"அப்ப, கவனமில்லாமல் கை வைச்சவ எண்டு மட்டும் சொல்லித் தப்பேலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "எந்த விரல், எந்த மூட்டு வரைக்கும் போனதெண்டு பாத்துத்தான் நட்டஈடு. டாக்டரின்ரை அறிக்கை இருக்கு. முதல் நாளே மில்லிலை எண்டு சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப எந்தக் கையாலை சாப்பிடுறனீங்கள்?"

"கரண்டியாலை," என்றேன்.

அண்ணை நிலத்தைப் பார்த்தார். தர ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்று பழக்கத்தில் கேட்டார். நானும் பழக்கத்தில் "ஓம் அண்ணை," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

பின்னேரம் அந்த அக்கா வீட்டுக்கு வந்தார். "வழக்கிலை வெண்டிட்டாய்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய கைக்குள் கிடந்ததை யாரோ ஒருவருடைய கையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமோ கோபமோ வரவில்லை.

"தேத்தண்ணி போடட்டோ அக்கா?"

"நீ இரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் குசினிக்குள் போனார். நான் இருந்தேன்.