கரண்டு நின்றால்

மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா, பாதி நிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நெஞ்சில் கோளாறு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே மூச்சு வாங்கத்தான் செய்திருக்கிறது. கூடையைச் சுமந்துகொண்டு மேடு ஏறினால் யாருக்குத்தான் வாங்காது என்று அவளும் விட்டுவிட்டாள், நாங்களும் விட்டுவிட்டோம். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள் அவள். அந்தக் காய்ச்சல்தான் உள்ளே இருந்து இருதய வால்வைக் கெடுத்திருக்கிறது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அக்காவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. நாலு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

நான் அப்போது பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வாத்தியார். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை நானும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. சட்டைப் பையில் எழுதாத பேனாவைக்கூடக் குத்திக்கொண்டு திரிந்த காலம். அக்காவையும் மச்சானையும் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரோடு பேசுவதற்குத்தான் நான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது என்று சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

இருதய டாக்டர் கொழும்பிலிருந்து எப்போதாவது வருகிறவர், சிங்களவர். என் சிங்களம் கடையில் பருப்பு வாங்கும் அளவுக்குத்தான் போதும். அதனால் இங்கிலீஷிலேயே பேசினோம். நல்ல மனிதர். ஒரு தாளில் இருதயத்தை வரைந்து காட்டினார். வால்வை மாற்ற வேண்டும், கொழும்பில் செய்யலாம் என்றார். வேலை நடக்கும்போது இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்களாம். அந்த நேரத்தில் ஒரு மிஷின் உடம்பிலிருந்து ரத்தத்தை வாங்கி, அதில் காற்றைச் சேர்த்து, திரும்பவும் உடம்புக்குள் அனுப்பிக்கொண்டே இருக்குமாம். வால்வை மாற்றியதும் இருதயத்தை ஓடவிட்டு மிஷினைக் கழற்றிவிடுவார்களாம். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, இவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் எடுத்துச் சொன்ன லட்சணம் இதுதான்:

"அக்கா, நெஞ்ச நிப்பாட்டிட்டு ஒன்ன மிஷின்ல போடுவாங்க. எல்லாம் முடிஞ்சதும் எடுத்துருவாங்க."

எங்கள் தோட்டத்தில் மிஷினில் போடுவது என்றால் ஒரே அர்த்தம்தான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்போம். அங்கே வாடிய கொழுந்தை ரோலரில் கொட்டி, நசுக்கி, சாறு கசிய முறுக்கி எடுப்பதுதான் மிஷினில் போடுவது. மச்சானுக்கு ஸ்டோரில் அந்த ரோலரில்தான் வேலை. அவர் முகம் செத்துப்போயிற்று.

"என்னா மச்சான் சொல்றீங்க, மிஷின்லயா?"

"அந்த மிஷின் இல்ல, இது வேற" என்று எரிந்து விழுந்தேன். என்ன வேறு என்று சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அக்கா மட்டும் பதறவில்லை. டாக்டர் வரைந்த படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்:

"தம்பி, மிஷின் ஓடிக்கிட்டு இருக்கையில கரண்டு நின்னுட்டா என்னா செய்வாங்க? ஐயாகிட்ட கேளு."

எங்கள் லயத்துக் காம்பரா அறைகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குதான். கரண்டு என்பது ஸ்டோரில் மட்டும் இருந்த ஒன்று. காற்றும் மழையும் கொஞ்சம் பலமானால் அதுவும் நின்றுவிடும். ரோலர் பாதிச் சுற்றில் நிற்கும், உள்ளே கிடக்கும் கொழுந்து புளித்துப்போகும், மச்சான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மிஷினைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். தெரிந்ததை வைத்து, கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாள்.

நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு அசிங்கமாகப் பட்டது. தோட்டத்து ஆட்கள் இப்படித்தான் என்று டாக்டர் நினைத்துக்கொள்வார், என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார் என்று கூசிப்போனேன். அவரோ, என்ன கேட்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறாள், டாக்டர்" என்றேன் இங்கிலீஷில்.

டாக்டர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். தன் கேள்விக்கு அவர் சிரிக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"என்னா சொன்னாரு?"

"கொழும்புல கரண்டே நிக்காதாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். நான் எப்போது புளுகுகிறேன் என்று அவளுக்குத் தெரியாதா? கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது, போகமாட்டேன் என்றாள்.

"கரண்டு நிக்காத ஊரு எங்கடா இருக்கு? நடுவுல நின்னுச்சுன்னா எம்புள்ளய யாரு பாப்பா?"

நான் கத்தினேன். பயந்தாங்கொள்ளி என்றேன், படிக்காத ஜென்மம் என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை, இன்னொரு தடவை போய்க் கேட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு என் பவிசு இடம் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷத்து மழைக்காலத்தில் அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். பதுளை ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். சாவுக்கு வந்தவர்கள், "பயந்துக்கிட்டு ஆபரேசன் செய்யாம இருந்துருச்சு, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன். அவள் மகள் வளர்ந்து, அம்மா ஏன் கொழும்புக்குப் போகவில்லை என்று கேட்டபோது அவளுக்கும் அதையேதான் சொன்னேன்.

பத்து வருஷம் போயிருக்கும். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியரின் மனைவிக்கு இதே வால்வு வியாதி. ஆபரேஷனுக்காகக் கொழும்புக்குத் துணைக்குப் போயிருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அந்த மிஷினை ஓட்டுகிறவர் வெளியே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, தயங்கித் தயங்கி அக்காவின் கேள்வியைக் கேட்டேன். இங்கிலீஷில்தான் கேட்டேன். வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக இருந்தன!

அவர் சிரிக்கவில்லை. "கைப்பிடி இருக்கிறது. கரண்டு போனால் அதைப் போட்டுக் கையால் சுற்றுவோம். நாங்கள் பழகுவதே அதற்கும் சேர்த்துத்தான்" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எப்படிச் சுற்றுவார்கள் என்று செய்துகாட்டினார். நல்ல கேள்வி என்றும் சொன்னார்.

ஆபரேஷன் செய்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் போயிருப்பாள். கையால் சுற்ற ஆள் நிற்பார்கள் என்று தெரிந்திருந்தால் மறுநாளே மூட்டையைக் கட்டியிருப்பாள்.

ஊருக்கு வந்து அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போது பெரிய வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் நான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அம்மா பயந்துக்கிட்டுதான் போகலன்னு சொன்னீங்களே மாமா."

"ஆமா."

"அம்மா பயப்படலயே. கேட்டுருக்கே. நீங்கதான் பயந்துருக்கீங்க."

"ஆமாம்மா" என்றேன்.