மூன்றாம் வகுப்பின் நோன்பு

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சிக் கோட்டைப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த புதிது. நீதிபோதனை வகுப்பில் உலகத்து மதங்களையெல்லாம் சொல்லித் தரச் சொன்னார்கள். நான் ஸ்ரீரங்கத்துப் பெண். என் உலகம் கொள்ளிடம் பாலத்தோடு சரி. ஆனாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. புத்த மதம், கிறிஸ்தவம் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, ரமலான் மாதத்தில் இஸ்லாமுக்கு வந்தேன். "பசித்தவர் வயிறு நமக்குப் புரியத்தான் நோன்பு" என்று உருகி உருகிச் சொன்னது வம்பாகப் போயிற்று.

மறுநாள் மதிய உணவைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்ய வேண்டியவரும் அவரே. அண்டா நிறையச் சாம்பார் சாதம். என் வகுப்பு மட்டும் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தது.

"நாங்க நோன்பு சார்" என்றான் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பையன். வகுப்பின் ஒரே முஸ்லிம் சிறுமி மட்டும் இரண்டாம் கரண்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளைங்களுக்கு நோன்பு கட்டாயமில்லைன்னு அத்தா சொன்னாங்க. இவங்க கேக்க மாட்டேங்கிறாங்க டீச்சர்!"

"பிள்ளைங்களைப் பட்டினி போடவாம்மா உங்களுக்குச் சம்பளம்?" என்றார் இன்ஸ்பெக்டர். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன். ஒருத்தரும் அசையவில்லை.

அந்தச் சிறுமிதான் வாயைத் துடைத்தபடி சொன்னாள்: "டீச்சர் சாப்பிட்டா இவங்களும் சாப்பிடுவாங்க சார். டீச்சர் தினமும் நோன்பு இருக்காங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது என் மாமியார் வீட்டு ஆசாரம். காலையில் சாப்பிட்டுக் கிளம்பினால், மாலை வீடு திரும்பிக் குளித்த பிறகுதான் மறுபடி சோறு. இந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடாத வீம்பை அவர்கள் பக்தி என்று நினைத்திருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தரையில் உட்கார்ந்தேன். சிறுமி தன் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். சமையல் ஆயா ஒரு கரண்டி போட்டார். முதல் கவளத்தில் மாமியார் முகம் தெரிந்தது. இரண்டாவதில் மறைந்துவிட்டது, அத்தனை பசி. தட்டுகள் படபடவென்று நிமிர்ந்தன. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். வேலையும் நிலைத்தது.

மாலையில் கடைவீதியில் ஒரு அலுமினியத் தட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"இது எதுக்குடி?" என்றார் மாமியார்.

"பள்ளிக்கூடத்துல குழந்தைகளோட சாப்பிடறதுக்கும்மா."

அன்று இரவு அவர் எனக்குச் சோறு போடவில்லை. எனக்குப் பசிக்கவும் இல்லை.