அடிபட்டதா என்று கேட்டார்கள்

அன்று ஸ்கேன் அறை வாசலில் இருந்தவர்கள்: ஸ்ட்ரெச்சரில் அக்கா, அவள் கால்மாட்டில் மாமா, சுவரோரம் அம்மா, துணைக்கு வந்த கீழ்ப்போர்ஷன் அம்மா, நான். கடைசியாக அந்தச் சின்ன டாக்டர்.

தாம்பரத்துக்கு ஸ்கேன் மிஷின் புதிதாக வந்திருந்த சமயம். ஒரு தடவை எடுக்க ஆயிரத்து இருநூறு ரூபாய். மாமா தன் பட்டறையில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டினார். பாதி நான் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அக்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு மார்பில் கேன்சர் வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. சரியாகிவிட்டது என்றுதான் இருந்தோம். ஒரு மாதமாகத் தலைவலி. அன்று காலை சிட்லபாக்கம் வீட்டில் வாய் குழறி, வலது கை தொங்கிப்போய்க் கிடந்தாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூளைக்கு மேல ரத்தம் கட்டியிருக்கு. எங்கயாவது விழுந்தாங்களா? யாராவது அடிச்சாங்களா?"

மாமா குடிப்பார். எட்டாவதோடு நின்ற எனக்குப் பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். என்றைக்காவது அக்காவை அடித்துவிடுவார் என்று கல்யாண நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். அவர் கை ஓங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"இன்னா மாமா பண்ண எங்கக்காவ?"

"டேய், கைய எடு. அவளையே கேளு."

கேட்டேன். அக்கா வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. பயத்தில் மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

"உன்னப் பாத்துதான் வாயத் தொறக்க மாட்டுது!" என்று கத்தினேன்.

"அடப்பாவி மனுசா," என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார் கீழ்ப்போர்ஷன் அம்மா. மாமா அறுந்து விழுந்த பொத்தானைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். அங்கிருந்த சதையில் ஒரு துணுக்கு டெஸ்டுக்குப் போனது. ரிசல்ட் வந்ததும் பெரிய டாக்டர் மாமாவையும் என்னையும் கூப்பிட்டார்.

"யாரும் அடிக்கல. மார்ல இருந்த கேன்சர் மூளைய மூடியிருக்கிற உறைக்குப் பரவியிருக்கு. ரத்தம் அதுலேர்ந்து கசிஞ்சதுதான்."

"எத்தினி நாள் சார் இருப்பா?" மாமா அவ்வளவுதான் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குள் தெரு முழுக்க அவர் பெண்டாட்டி மண்டையை உடைத்தவர் ஆகியிருந்தார். வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லக் கிளம்பினேன். முதல் வாசலிலேயே கீழ்ப்போர்ஷன் அம்மா, "நீதானப்பா சட்டையப் புடிச்ச?" என்றார். அடுத்த வீட்டுக்கு நான் போகவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே அக்கா போய்விட்டாள். காரியம் முடிந்ததும் ஸ்கேனுக்கு என் பாதிப் பணத்தை நீட்டினேன்.

"வெச்சிக்கோ மச்சான். இத்த நான் வாங்கிட்டா, நீ நிம்மதியா தூங்கிடுவ."

அறுநூறு ரூபாய் இன்னும் பாக்கி.