மூடி துள்ளவில்லை

தொம்மலூரில் விற்பனைக்கு நின்ற அந்த பிக்கப் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பிழைப்புக்கு இருந்த ஆட்டோவை விற்றுத்தான் அதை வாங்க வேண்டும். இன்ஜின் கெட்டுப்போயிருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் விவேக் நகரில் எங்கள் தெருமுனை மெக்கானிக்கை அழைத்துப் போனேன்.

ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். பற்றவைத்து நான் பார்த்ததில்லை. மீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, இன்ஜின் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வைத்தார்.

“மூடி துள்ளிக் கீழ விழுந்தா இன்ஜின் காலி. நின்னா எடுத்துக்கலாம்” என்றார்.

நான் கண்ணை மூடிக் குழந்தை இயேசுவை வேண்ட ஆரம்பித்தேன்.

“ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாம்ணா. சொல்ப கண்ணத் தொறந்து பாருங்க. நாளைக்கு ஓட்டப் போறது நீங்கதானே?” என்றார் மெக்கானிக், கன்னடம் கலந்த தமிழில்.

பார்த்தேன். மூடி லேசாக நடுங்கியது, இடத்தைவிட்டு நகரவில்லை. ஆட்டோவை விற்று அந்த வண்டியை எடுத்தேன்.

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் வாசலில் சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த மெக்கானிக் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன்.