காதோரத்து ஓட்டை

எனக்கு இடது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை உண்டு. முகத்தில் வேறு சிறப்பு எதுவும் இல்லாததால், அதைக் காட்டியே நாலாம் வகுப்பு வரை காலம் தள்ளினேன். ஒருநாள் அதில் சீழ் வைத்து வீங்கியதும், அம்மா தண்டையார்பேட்டையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு என்னை இழுத்துப் போனாள்.

அங்கே எண்ணூரிலிருந்து ஒரு பையன் அவன் அம்மாவோடு வந்திருந்தான். என் வயசு, அதே இடம், அதே வீக்கம். காது டாக்டரம்மாவுக்கு ஒரே குஷி. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கருவுல காது கழுத்துக்கிட்டதான் முளைக்கும். ஆறு சின்ன மேடு. எல்லாம் ஒண்ணா சேந்து மேல ஏறி வரும். சரியா சேராத எடத்துல இப்படி ஓட்டை நின்னுடும். சில குடும்பத்துல பரம்பரையா வரும். அப்பாவுக்கு இருக்காம்மா?"

"அவருக்கும் கீதும்மா" என்றார்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க நைனா சொல்லும், இது ராசா ஓட்டை. எறும்பு உள்ள போவணும்னாகூட..."

"வரி கட்டிட்டுதான் போவணும்!" என்று நான் முடித்தேன். என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என் நைனா சொல்வது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாக்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"உன் வூட்டுக்காரரு இன்னா வேலைம்மா?" என்று என் அம்மா கேட்டாள்.

"ஹார்பர்ல கிரேன் ஓட்றாருக்கா. வாரத்துல பாதி நாளு நைட் டூட்டி."

"எந்தெந்த நாளு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த ராத்திரிகளில்தான் என் நைனா, அதே ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், எங்கள் வீட்டில் குறட்டை விடுவார்; மற்ற ராத்திரிகளில் அவருக்கு நைட் டூட்டி. இவர் இறங்கினால் அவர் ஏறுகிறார், வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று துறைமுகத்தின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் பேரை மட்டும் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "வாடா" என்று அந்த அம்மா பையனைக் கையைப் பிடித்து இழுத்தாள். மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் அம்மாவும் நைனாவும் என்னைத் தெருவுக்கு விரட்டிவிட்டு, எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் நைனாவுக்கு நைட் டூட்டியே கிடையாது. தினமும் இருட்டுவதற்குள் வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவருக்கு என்னவோ பெரிய பதவி கொடுத்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்ணூரில் ஒருத்தன் அவன் நைனாவுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.