மூக்கு வெட்டிய பேணி

எங்கள் மாமா ஒரு பித்தளைப் பேணியின் மூக்கை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தெடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. சண்டை முடிந்து, வவுனியா முகாமில் இருந்துவிட்டு, பரந்தனுக்கு உள்ளே இருந்த எங்கள் குடியேற்றத்துக்குத் திரும்பி வந்திருந்தோம். வீடு என்று நாலு தடியும் தகரமும் இருந்தன. பள்ளிக்கூடம் என்று ஒரு மருதமரம் இருந்தது. அதன் கீழே நான் படித்தது கொஞ்சம். பிறகும் அதிகம் படிக்கவில்லை.

மூக்குப்பேணியைக் காணாதவர்கள் இப்போது அதிகம். பக்கவாட்டில் கிளி மூக்குப் போல ஒரு குழாய் வைத்த குவளை அது. அண்ணாந்துகொண்டு, வாய்க்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்த மூக்கு வழியாக ஊற்றிக் குடிக்கவேண்டும். உதடு பாத்திரத்தில் படாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்பு வந்தவர் போனவருக்கு இதில்தான் தண்ணீர் கொடுப்பார்களாம். எங்களுக்கு அதுவும் இல்லை, வேலியில் செருகி வைத்த சிரட்டைதான் என்று அம்மா சொல்வார். குறையாகச் சொல்லமாட்டார். மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

அம்மாவின் தாய்தகப்பன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். ஒரு கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தார்கள். இங்கே ஏற்கெனவே யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்துக்கொண்டிருந்த காணிக்காரருக்குக் கூலியானார்கள். அந்தக் காணிக்காரரில் சில குடும்பங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். நாங்களும் வேதக்காரர். கோயில் ஒன்றுதான். உட்கார அவர்களுக்கு முன் வாங்குகள், எங்களுக்குப் பின் வாங்குகள். அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் இடம் மாறி இருந்தவர்களையும் நான் கண்டதில்லை. எங்களை அவர்கள் இந்தியாக்காரர் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் இந்தியாவைக் கண்டதில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். வாளிக்கு அடி போடுவார், ஒழுகுகிற குடத்துக்கு ஈயம் வைப்பார். வீட்டில் எங்கள் தமிழ் பேசுவார். கோயில் வளவுக்குள் கால் வைத்ததும் அவர்களுடைய தமிழுக்கு மாறிவிடுவார். அந்த மூக்குப்பேணி அவரிடம் திருத்த வந்ததுதான். மூக்கு கழன்றுவிட்டது, ஒட்டித் தா என்று யாரோ கொடுத்தார்கள். ஒட்டி முடித்தபோது ஊரே இடம்பெயர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் பிறகு வரவே இல்லை. இடம்பெயர்ந்த வழியெல்லாம் நாங்கள் பாயை விட்டோம், சைக்கிளை விட்டோம், கடைசியில் சமையல் பானையையும் விட்டோம். ஈயம் ஒட்டுகிற ஆயுதங்கள் வைத்த மாமாவின் சாக்குக்குள் பேணி மட்டும் கிடந்தது.

முகாமில் திருவிருந்து கொடுப்பதற்குப் போதகர் ஐயாவிடம் பாத்திரம் இல்லை. பிளாஸ்ரிக் கோப்பைகள் இருந்தன, ஆனால் அதில் கொடுக்க அவருக்கு மனமில்லை. மாமாதான் பேணியைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். திராட்சை வத்தல் அவித்த தண்ணீரை ஐயா அதில் விட்டு, ஒவ்வொருவர் வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கூடாரத்துக்குள் முழங்காலில் நின்றபடி பெரிய மனிதர்களெல்லாம் மைனாக் குஞ்சுகளைப் போல வாயைத் திறந்து அண்ணாந்திருந்தார்கள். நான் சிரித்து அம்மாவிடம் ஒரு கிள்ளு வாங்கினேன். முன் வாங்குக்காரர், பின் வாங்குக்காரர் எல்லோரும் ஒரே பேணியில் குடித்தோம் என்று மாமா பிறகு பல பேரிடம் சொன்னார்.

திரும்பி வந்ததும் கோயிலுக்கு ஒரு கொட்டில் போட்டார்கள். முதல் திருவிருந்துக்கு நாள் குறித்தபோது, மாமா பேணியை எடுத்து மூக்கை அறுத்தார். அம்மா அடுப்படியில் இருந்து கத்தினார்.

"ஏண்ணே, நல்லாயிருந்ததப் போயி எதுக்கு வெட்டுற?"

"முகாமுல எல்லாரும் இதுல குடிச்சாங்கல்ல?"

"குடிச்சாங்க. வாய வச்சா குடிச்சாங்க?"

"அதுக்குத்தான் வெட்டுறேன்," என்றார் மாமா.

அம்மா திரும்பி அடுப்பை ஊதினார். எனக்குப் பேணியின் மேல்தான் கவலை. மூக்கிருந்தால் அது கிளி, இல்லாவிட்டால் வெறும் குவளை. வெட்டிய மூக்கை எனக்குத் தந்தார். அதை ஊதினால் சத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஓட்டைக்குப் பித்தளைத் துண்டு வைத்து ஒட்டி, ஒட்டினது தெரியாமல் தேய்த்து, அவர் அதைப் போதகர் ஐயாவிடம் கொண்டுபோனார். சைக்கிள் பாரில் நான் இருந்தேன். ஐயா பேணியைச் சுற்றிப் பார்த்து, மூக்கிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"நல்லா ஒட்டியிருக்கிறீர்," என்றார்.

"ஓம் ஐயா. இனி ஒருத்தரும் அண்ணாக்கத் தேவையில்லை. வாயிலை வைச்சே குடிக்கலாம்."

ஐயா கொஞ்ச நேரம் பேணிக்குள்ளே பார்த்தார். அதற்குள் ஒன்றும் இல்லை. "எதுக்கும் மாஸ்ரரோடையும் ஒருக்காக் கதைப்பம்," என்றார்.

மாஸ்ரர் என்றால் சபையின் செயலாளர். தெற்கே நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், சிங்களம் சரளமாகப் பேசுவார். நல்ல மனிதர் என்றே இன்றைக்கும் சொல்வேன். முகாமில் எங்களுக்குக் கடிதமெல்லாம் எழுதித் தந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில் ஆண்கள் நின்றபோது ஐயா பேணியை நீட்டினார். மாஸ்ரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே குனிந்து பார்த்தார்.

"வடிவான வேலை. ஆனா தம்பி, இப்ப சளி, காய்ச்சல் எண்டு எத்தினை வருத்தம் திரியுது. சுகாதாரத்தையும் பார்க்கவேணுமெல்லோ?"

"முகாமிலை இதைவிட வருத்தம் இருந்தது மாஸ்ரர்," என்றார் மாமா.

"அப்ப மூக்கு இருந்தது," என்றார் மாஸ்ரர்.

யாரோ ஒருவர் வயலுக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்டார். எல்லோரும் அந்தக் கதைக்கு ஆவலாகப் போனார்கள். பேணி மாமாவோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அந்த நாட்களில்தான் தெற்கே ஒரு சிங்களச் சபை எங்களுடன் சேர்ந்து நல்லிணக்க ஆராதனை நடத்த வருவதாகத் தகவல் அனுப்பியது. வரும்போது என்ன கொண்டுவரவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். கொட்டில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்குப் பாட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாடினோம். தொலைபேசியில் பதில் சொன்னவர் மாஸ்ரர். சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வேண்டும், ஆளுக்கொன்றாகத் திருவிருந்து கொடுக்க, என்று சொன்னார். எங்கள் முதல் திருவிருந்தும் அந்த நாளுக்குத் தள்ளிப்போனது.

அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதலில் திறந்தது அந்தப் பெட்டியைத்தான். என் கட்டைவிரல் அளவில் கண்ணாடிக் கிண்ணங்கள். அடுக்கி வைக்க ஓட்டை போட்ட வட்டத் தட்டு. வெயில் பட்டபோது மேசைச் சீலையில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் விழுந்தன. அவ்வளவு வடிவான சாமான் எங்கள் ஊரில் அன்று வேறு இருக்கவில்லை. மாமாவின் பேணி எனக்கு மறந்தே போயிற்று.

ஐயா அதை மறக்கவில்லை. ஆசீர்வதிக்க ஒரு பெரிய பாத்திரம் மேசையில் வேண்டும், பேணி நிற்கட்டும் என்றார். நிற்கிறதால் ஒன்றும் இல்லை என்று மாஸ்ரரும் ஒப்புக்கொண்டார். ஆக, கிண்ணங்களை நிரப்பினபிறகு மிச்சத்தைப் பேணி நிறைய விட்டு நடுவில் வைத்தார்கள். மாமா கடைசி வாங்கில் இருந்து, கழுத்தை நீட்டி நீட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்ரர் இரண்டு மொழியிலும் வரவேற்றார். கிறிஸ்துவுக்குள் யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை, நாமெல்லாம் ஒரே சரீரம் என்றார். அவருடைய குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அவருடைய ஒரு மகனை அந்தச் சண்டை தின்றிருந்தது. சண்டையில் காணாமல்போன தம்பியைத் தேடிக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வெளியே போனார். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு திரும்பி வந்து, விருந்தாளிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

திருவிருந்துக்கு விருந்தாளிகளை முதலில் அழைத்தார்கள். ஐயா அப்பம் கொடுத்துக்கொண்டு போக, பின்னால் மாஸ்ரர் தட்டை ஏந்திக்கொண்டு போனார். முன்னுக்கு முழங்காலில் நின்றவர் பருத்த ஒரு அம்மா. அவர் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, மேசையில் நின்ற பேணியைக் கையால் காட்டினார். மாஸ்ரர் குனிந்து மெதுவாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு திரும்பவும் பேணியையே காட்டினார்.

"என்னவாம் மாஸ்ரர்?" என்று ஐயா கேட்டார்.

எங்களில் சிங்களம் தெரிந்தவர் மாஸ்ரர் ஒருவர்தான். அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பொய் சொல்லி வராது.

"தங்கடை கோயிலிலை எல்லாருக்கும் ஒரே பாத்திரமாம். அதிலையே தரட்டாம்."

ஐயா ஒரு கணமும் யோசிக்கவில்லை. தயாராக நின்றவர் போலப் பேணியை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்து, மூக்கிருந்த இடத்துக்கு நேரே உதட்டை வைத்துக் குடித்தார். அடுத்தவர் குடித்தார். வந்தவர்கள் எல்லோரும் அதிலேயே குடித்துவிட்டு ஒரு பக்கமாக நின்று, கைகூப்பியபடி எங்களைப் பார்த்தார்கள்.

அடுத்தது முன் வாங்கு. மாஸ்ரர் தட்டை மேசையில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றார். அவர் முதலில் அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு பேணியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவர் குடித்த பிறகு மற்றவர்களுக்குத் தடை இருக்கவில்லை. வாங்கு வாங்காக வந்து எல்லோரும் குடித்தார்கள். கண்ணாடிக் கிண்ணங்கள் நிரம்பியபடி அப்படியே இருந்தன. ஒரு ஈ அவற்றின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

பின் வாங்குகளில் கடைசியாக எழுந்தது மாமா. நான் அம்மாவின் கையை அழுத்தினேன். ஐயா சிரித்த முகத்துடன் பேணியைத் துடைத்து அவரிடம் நீட்டினார். மாமா அதை வாங்கவில்லை. முழங்காலில் நின்றபடியே எட்டி, தட்டில் இருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு அதை இருந்த ஓட்டையிலேயே கவனமாகத் திருப்பி வைத்தார்.

அன்று அந்தக் கண்ணாடியில் குடித்தவர் அவர் ஒருவர்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு பேரிலும் மாமாவுக்குத்தான் மூளை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் இருந்ததில்லை. வவுனியாவில் தையல் ஆலை, ஆனையிறவில் உப்பு வாருதல், பிறகு குவைத். குவைத்தில் நான் வேலைசெய்த வீட்டில் எனக்கென்று ஒரு கோப்பையைப் பிடியில் சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்திருந்தார்கள். வீட்டுக்காரி நல்லவள்தான். ஒருநாள் அவளுடைய ஐரோப்பியச் சிநேகிதி ஒருத்தி தெரியாமல் அந்தக் கோப்பையில் தேநீர் குடித்துவிட்டாள். அதை எடுத்துச் சொல்ல வீட்டுக்காரிக்கு வாய் வரவில்லை. அவளும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்து குடித்தாள். அடுத்தநாள் காலையில் பார்த்தேன். நூல் அப்படியே இருந்தது. மாமாவின் நினைவு வந்தது.

அந்தத் திருவிருந்து நாளில் ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் எல்லோரும் நிற்க, நான் அவரிடம் கேட்டேன். எல்லாரும் உங்கள் பேணியில் குடித்தார்களே, நீங்கள் மட்டும் ஏன் குடிக்கவில்லை?

மாமா மாஸ்ரர் நின்ற பக்கம் பார்த்தார். மாஸ்ரர் விருந்தாளிகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான்தான் தெனமும் வீட்டுல அதுலதானே குடிக்கிறேன், புள்ள," என்றார். கோயில் வளவுக்குள் நின்றுகொண்டு, நாலு பேருக்குக் கேட்க, வீட்டுத் தமிழில்.

எனக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது. சைக்கிள் பாரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்தச் சின்னக் கண்ணாடி குளிராக இருந்ததா என்று கேட்டேன்.